எர்மினியாவின் மூக்கு

இத்தாலியில் ஆல்பா என்ற ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடை எர்மினியாவின் மூக்கை நம்பித்தான் ஓடியது. வெள்ளை ட்ரஃபிள் மண்ணுக்கடியில் விளைகிற, கிழங்கு மாதிரியான காளான். அதை அடுப்பில் காட்டக் கூடாது. வெண்ணெயில் புரட்டிய மெல்லிய நூடுல்ஸின் மேலோ, பொரித்த முட்டையின் மேலோ பச்சையாகச் சீவித் தூவ வேண்டும். சாப்பாட்டின் சூடு பட்டதும் பூண்டும் தேனும் ஈரமண்ணும் கலந்தாற்போல் வாசனை எழும். அதற்காகவே தூரத்து ஊர்களிலிருந்து கார்கள் வரும்.

எது நல்லது, எது அழுகத் தொடங்கியது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள் எர்மினியா. அதனாலேயே ட்ரஃபிள் கிடைக்கும் இலையுதிர் காலத்தில் அவளைப் பிறந்த வீட்டுக்குக்கூட விடமாட்டார்கள்.

அந்த வருஷம் வந்த காய்ச்சல் மூக்கை அடியோடு கெடுத்துவிட்டது. காப்பிகூட மணக்கவில்லை. "எங்க மருமக மூக்குக்கு எதுவும் தப்பாது" என்று மாமியார் மேசை மேசையாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். எர்மினியா ட்ரஃபிள்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட வந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார். "என்னம்மா இது, குதிரை லாயம் மாதிரி நாறுது!"

கணவன் ரெமோ மிச்சத்துண்டோடு சமையலறைக்குள் வந்தான்.

"நீயா எடுத்த?"

"நாந்தான். காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எதுவுமே மணக்கல, ரெமோ."

சொன்னதும் நெஞ்சு லேசானது. இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். ரெமோ கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உன் பேருக்காகத்தான் வர்றாங்க. சீசன் முடியட்டும்."

"முடிஞ்சதும்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள், நாயோடு காடு சுற்றி ட்ரஃபிள் தோண்டும் செகோந்தோ வந்து கைக்குட்டையைப் பிரித்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எர்மினியாவின் பின்னால் ரெமோ ஒட்டி நின்று, தோளில் கைவைத்துக் குனிந்தான்.

"இத்தன வருஷமாகியும் பொண்டாட்டிய விட்டு நகர மாட்டேங்குறியே!" செகோந்தோ சீண்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கண்ணை மூடி ஒன்றை முகர்வதுபோல் எடுத்தாள். காதருகே ரெமோ மூச்சை இழுத்தான்; தோளில் அவன் விரல்கள் அழுந்தின.

"இது வேணாம்."

"மூக்குன்னா இது மூக்கு!" என்றான் செகோந்தோ.

வாசனை திரும்பவே இல்லை. சீசன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த நாற்காலியை விட்டு அவளால் எழ முடியவில்லை. சில வருஷங்களில் கடைவாசலில் பழைய பலகையை எடுத்துவிட்டு, அவள் பெயரையே பெரிதாக எழுதி மாட்டினார்கள்.