மண்ணெண்ணெய் மணந்த மாப்பிள்ளைக் கார்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். நாற்பத்தோரு வயதில் எனக்கு அது வாய்த்தபோது, கொண்டுபோக என்னிடம் ஒரு பயணப் பையும் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரும்தான் இருந்தன. கட்டாரில் கார் கழுவினேன். கொழும்பில் கராஜ்களுக்குள் படுத்தேன். இடையில் ஒரு வருடம் ஒன்றுமே செய்யவில்லை. கடைசியில் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒருவர் மலிவாகத் தந்துவிட்டுப் போன கார் அது. சிவப்பு. இரண்டு பேர்தான் இருக்கலாம். விளக்கைப் போட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு இரண்டு கண்கள் எழும்பும். இடது கண் சற்று யோசித்துவிட்டு எழும்பும்.

பெண்ணுக்குச் சம்மாந்துறை. நிக்காஹுக்கு நாள் குறித்த பிறகு கார் நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வைத்தால் குளிர் காய்ச்சல்காரன் மாதிரி உதறும், இருமும், நின்றுவிடும். மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வருவார் என்று என் ஊரான கல்முனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தது நானேதான். அதைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெண் வீட்டில் நிற்பதை விட நடந்தே போகலாம்.

பிழை இன்ஜெக்டரில் என்று எனக்குத் தெரியும். எரிபொருளை எஞ்சினுக்குள் புகை போலத் தூவுகிற சிறு குழாய் அது. நாலு சிலிண்டருக்கு நாலு. கழுவுவதா, மாற்றுவதா என்பதுதான் பிடிபடவில்லை. மாற்றுவதென்றால் கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் வர வேண்டும். அதாவது வேறு யாரோ கழற்றிய பழசு. இதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். உழவு மெசினுக்கும் நெல் வெட்டு மெசினுக்கும் வேலை செய்கிற சம்மாந்துறை மெக்கானிக். பெண்ணின் காக்கா, அதாவது கூடப் பிறந்த அண்ணன். அவர் பெண் எடுத்தது அடுத்த வீட்டில்; இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம்.

அதில்தான் சிக்கல். கலியாணப் பேச்சுக்குப் போன அன்று அவருடைய முற்றத்தில் நின்று, "நல்ல பெற்றோலத் தவிர வேற ஒண்டையும் இந்தக் காருக்குக் காட்டினதில்ல" என்று அளந்திருந்தேன். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த அந்த வருடம், சாய்ந்தமருதில் என் கூடப் பிறந்த ராத்தாவின் கணவர் தன் மீன்பிடி வள்ளத்து எஞ்சினுக்குக் கலந்து வைத்த மண்ணெண்ணெயை ஊற்றித்தான் ஓடினேன். அப்போது ஊரில் பாதி மோட்டார் சைக்கிள்கள் வள்ளம் போல மணத்தன. வரிசை முடிந்தது. என் பழக்கம் முடியவில்லை. போன மாதம்கூடக் கொஞ்சம் ஊற்றினேன்.

"கழுவலாமா மச்சான், மாத்தணுமா?" என்று காரை அவர் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கேட்டேன்.

"தண்ணி போய்த் துரு புடிச்சிருந்தா கழுவி வேலையில்ல, மாத்தத்தான் வேணும். பிசின் புடிச்சிருந்தா கழுவலாம். என்ன ஊத்தினீங்க?"

"பெற்றோல்."

"பெற்றோல் மட்டுந்தான்?"

"ஓம்."

அவர் எஞ்சின் மூடியைத் திறந்தார். நாலு இன்ஜெக்டரையும் எரிபொருள் வருகிற குழாயோடு சேர்த்து வெளியே தூக்கினார். எது எவ்வளவு தூவுகிறது என்று பார்க்க, அளவுக் கோடு போட்ட ஒரே மாதிரியான நாலு போத்தல் வேண்டும். அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். யன்னலால் பிள்ளைகள் பால் குடிக்கிற நாலு சூப்பிப் போத்தல்கள் வந்தன. கூடவே பெண்ணின் குரலும் வந்தது.

"காக்கா, அதுகள மறுகா ஊட்டுக்குள்ள கொண்டராதீங்க."

சாவியைத் திருப்பினேன். இரண்டு நன்றாகத் தூவின. மூன்றாவது துப்பியது. நாலாவது மூக்கு மாதிரி ஒழுகியது. அவர் அந்தப் போத்தலை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இந்தக் கார் கடலுக்குப் போறதா மச்சான்?"

"சாய்ந்தமருதுல கடக்காத்துத்தானே. அதான் மணக்குது."

"சரி. நீங்க பெற்றோல் எண்டா நான் துரு எண்டுதான் எடுக்கணும். நாலையும் கழட்டிப் போட்டுட்டுக் கொழும்புக்குச் சொல்றன். வரப் பத்து நாளாகும்."

நிக்காஹுக்கு நாலு நாள்தான் இருந்தது. பொய்யைக் காப்பாற்றினால் கார் இல்லை. காரைக் காப்பாற்றினால் பெண்ணே கிடைக்காமல் போகலாம். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"வள்ளத்து எண்ண ஊத்தின," என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு கான்."

என்னையே பார்த்தார்.

"நாலு கான்."

"அப்ப பிசின்தான். கழுவலாம்." போத்தலைக் கீழே வைத்தார். "வேற என்னெல்லாம் பொய் சொன்னீங்க?"

வாய் திறந்தாயிற்று, இனி என்ன. "ஓ.எல். சோதின பாஸ் எண்டது. எட்டாம் வகுப்போட நிண்டுட்டன்."

"அது எங்களுக்குத் தெரியும். ஒங்கட பள்ளிக்கூடத்துக்கே ஆளனுப்பி விசாரிச்ச. கணக்குல நீங்க எடுத்த புள்ளியும் தெரியும். இந்த வள்ளத்து எண்ணதான் தப்பிப் போச்சி."

யன்னலுக்குள் யாரோ சிரித்தார்கள். யன்னல் சாத்தப்பட்டது.

மறுநாள் கல்முனையில் அவருடைய கூட்டாளியின் நகைக்கடைக்குப் போனோம். தண்ணீரை அதிர வைத்து நகை கழுவுகிற ஒரு சின்னப் பெட்டி அங்கே இருந்தது. கழுவும் மருந்தை விட்டு நாலையும் அதற்குள் போட்டார். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நேத்து இதுக்குள்ளதான் ஒங்கட தங்கச்சிட மாலையக் கழுவித் தந்தன். இண்டைக்கு மாப்பிள்ளைட ஊத்தையக் கொண்டு வந்திரிக்கீங்க" என்றார்.

திரும்பவும் சூப்பிப் போத்தலில் அளந்தோம். மூன்று சமம். நாலாவது ஒரு கோடு குறைவு.

"கலியாணத்துக்கு இவ்வளவு காணும்," என்றார் மச்சான்.

நிக்காஹ் அன்று நானே ஓட்டிக்கொண்டு போனேன். இரண்டு விளக்கும் ஒன்றாக எழும்பின. பெண் வீட்டின் முன்னால் நிறுத்தியதும் கார் ஒரு தடவை இருமியது. வெள்ளைச் சாரனோடு நின்ற மச்சான் கதவைத் திறந்து, காதோடு, "கெதியா இறங்குங்க, நிக்கப் போகுது" என்றார். என் இரண்டு காலும் நிலத்தில் பட்ட பிறகுதான் எஞ்சின் நின்றது.

நாலாவதை இன்னும் மாற்றவில்லை. கார் அவர் முற்றத்தில்தான் நிற்கிறது, நானும் அங்கேதான். நான் எங்கேயாவது சுற்றிவிட்டு வந்தால் மச்சான் ஸலாம் சொல்லுவார். பிறகு டேங்க் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்.