சோடா மூடிகளின் சக்கரவர்த்தி

என் கணவர் உலோகம் தேடும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்தபோது எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் பழுதாகிக் கிடந்தது. அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் கீழ்வீட்டு விறாந்தையில் சொட்டி, கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள். புதிய மெஷினுக்கென்று நான் சேர்த்து வைத்த காசு ஒரு நீட்டுத் தடியாகவும், அதன் முனையில் ஒரு கறுப்புத் தட்டாகவும், காதில் மாட்டுகிற ஹெட்போனாகவும் மாறி, பலெர்மோ நகரத்துப் போர்கோ வெக்கியோவில் உள்ள எங்கள் குசினி மேசையில் கிடந்தது.

"இதென்ன?"

"மெட்டல் டிடெக்டர்."

"அது தெரியுது. எங்கடை வீட்டுக்கு ஏன் வந்தது எண்டு கேக்கிறன்."

"இஞ்சாரும், கொஞ்சம் பொறுமையாக் கேளும். கோடை முழுக்க மொண்டெல்லோக் கடலிலை எத்தினை சனம் குளிச்சது? எத்தினை மோதிரம், எத்தினை சங்கிலி கழண்டு விழுந்திருக்கும்? எல்லாம் மணலுக்கைதான் கிடக்கு. எடுக்க ஆளில்லை."

"ஓம். பலெர்மோக்காரர் எல்லாரும் நீங்கள் வாற வரைக்கும் தொடாமல் விட்டு வைச்சிருக்கினம்."

இந்த யோசனை அவருடைய சொந்த மூளையில் உதித்ததல்ல. மாதா கோவிலில் நடக்கிற எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற மன்னார்க்காரர் ஒருவர் கொடுத்தது. அவரிடம் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. கருவாடு இறக்குமதி, நத்தை வளர்ப்பு, கற்றாழைச் சவர்க்காரம் என்று ஒவ்வொரு வருடமும் ஒன்று சொல்வார். அவர் எதையும் செய்தது கிடையாது. செய்வதற்கு என் கணவரைப் போன்ற ஆட்கள் இருக்கிறார்கள். இந்த முறை தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். எங்கோ குளிர்நாட்டில் ஒருவன் வயலைக் கிண்டித் தங்கக் காசுகளை எடுத்து, முழங்காலில் விழுந்து அழுகிறான். நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். அழுகிறவனுக்குக் கீழே அதே இயந்திரத்தை விற்கிற விளம்பரம் இருந்தது. தங்கம் எடுத்தவனும் விளம்பரம் போட்டவனும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு விளங்கியது. என் கணவருக்கு விளங்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குள்ளேயே அதைப் பரீட்சித்துப் பார்த்தார். நிலத்தில் எங்கே வைத்தாலும் கத்தியது. கொங்கிறீற்றுக்குள் கம்பி இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கத்தியது. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓலமிட்டது. கடைசியில் அந்தத் தட்டைத் தூக்கி என் கழுத்துக்கு நேரே பிடித்தார். அது குரலை மாற்றி மெல்லக் கூவியது. அந்த இயந்திரம் பலெர்மோவில் கண்டுபிடித்த முதல் தங்கம் என் தாலிதான். அதுவும் என் அப்பாவின் காசில் செய்தது.

கால்சாவில் அவர் வேலை செய்கிற உணவகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள்தோறும் தடியைப் பழைய கட்டில்விரிப்பில் சுற்றிக்கொண்டு மொண்டெல்லோவுக்கு பஸ் ஏறத் தொடங்கினார். கோடைக்காகப் போட்ட மரக்குடில்களைக் கழற்றிவிட்டார்கள். கடற்கரை வெறிச்சென்று கிடந்தது. ஒருநாள் எனக்கும் வேலை இல்லாததால் கூடப் போனேன். மடித்த காற்சட்டையோடு, காதில் ஹெட்போனை மாட்டி, தடியை இடதும் வலதும் வீசிக்கொண்டு நடக்கிற ஆள், வெள்ளி, சனி இரவுகளில் நூறு பேருக்கு மீன் பொரிக்கிறவர் என்று நம்ப முடியவில்லை. சத்தம் கேட்டால் குந்துவார், கிண்டுவார், எடுப்பார், ஊதுவார். சோடா மூடி. மறுபடி நடப்பார். பேணி திறக்கிற வளையம். குடில்களில் இருந்து விழுந்த ஆணி. மீன்பிடிக்கிறவர்களின் ஈயக்குண்டு. ஒரு தேக்கரண்டி. பிறகு மறுபடியும் சோடா மூடி.

எங்களுக்கு முன்னமே அங்கே இரண்டு பென்சன்காரக் கிழவர்கள் நின்றார்கள். அவர்களுடைய இயந்திரங்கள் இவருடையதைப் போல மூன்று மடங்கு விலை பெறும். விடிய முதலே வந்து கரையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துத் துழாவிவிட்டு, கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் கணவரின் தடியைப் பார்த்து, அது பிள்ளைகள் விளையாடுகிற சாமானா என்று கேட்டார். என் கணவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தத் தடியைப் பிடுங்கிக் கிழவரின் மண்டையில் வைத்துச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர்தான் கதாநாயகன். கோவில் முற்றத்தில் ஆம்பிளைகள் சுற்றி நிற்பார்கள்.

"தங்கம் எண்டால் சத்தம் வேறை மாதிரி வரும். இரும்பு முரடாக் கத்தும். தங்கம் அப்பிடியில்லை, மெதுவாக் கூப்பிடும்," என்பார்.

"எங்கை, எத்தினை தரம் கூப்பிட்டது?" என்று நான் பின்னாலிருந்து கேட்பேன்.

ஆம்பிளைகள் என்னைப் பார்த்து, பாவம் இந்த மனுசன் என்கிற மாதிரித் தலையாட்டுவார்கள். கூட்டாகத் தொழில் தொடங்கலாம் என்றார் மன்னார்க்காரர். கூட்டில் அவருடைய பங்கு என்ன என்று கேட்டேன். யோசனை என்றார்.

அந்த நேரத்தில் நான் மொண்டெல்லோ போகிற வழியில், தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் வேலை செய்தேன். அந்த வீட்டுச் சிஞ்ஞோரா ஒரு வழக்கறிஞரின் விதவை. வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் மண் விளக்குகள், உடைந்த சாடிகளின் கழுத்துகள், பச்சை பிடித்த நாணயங்கள். மாமனாரின் காணியை உழுதபோது வந்தவை என்று விருந்தாளிகளுக்குப் பெருமையாகச் சொல்வார். வியாழக்கிழமைகளில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டுவது என் வேலை. ஒருநாள் சிரிப்புக்காக என் கணவரின் தடியைப் பற்றிச் சொன்னேன். சிஞ்ஞோரா சிரிக்கவில்லை.

"அது குற்றம். சிசிலியில் மண்ணுக்குள் கிடக்கிற பழைய பொருள் எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். வெளிநாட்டுக்காரரான உங்களுக்கு இது தெரியாது. கண்டபடி கிண்டித் திரிந்தால் உன் புருஷனின் பெர்மெஸ்ஸோவுக்கே ஆபத்து," என்றார்.

அலுமாரிக்கு முன்னால் நின்றுதான் சொன்னார். துடைத்துக்கொண்டிருந்த மண் விளக்கு என் கையில் இருந்தது. அதைக் கவனமாக உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்கு வந்து பெர்மெஸ்ஸோ என்ற சொல்லை மட்டும் சொன்னேன். வதிவிட அனுமதி என்றால் எங்கள் ஆட்களுக்கு மற்ற எல்லாம் மறந்துவிடும். அன்றைக்கே தடி கட்டிலுக்குக் கீழே போனது. சிஞ்ஞோராவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். வாழ்க்கையில் நான் வீணாக்கிய நன்றிகளில் அதுவும் ஒன்று.

வசந்தகாலத்தில் சிஞ்ஞோராவின் நீலக்கல் மோதிரம் காணாமல் போனது. அவர் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் சொல்வதில்லை. "மேசைவிரிப்பை உதறும்போது ஏதாவது விழுந்ததா?" என்று அன்போடு கேட்டார். அடுத்த முறை நான் போனபோது அவருடைய மேசை லாச்சிகள் பூட்டிக் கிடந்தன. நான் எந்த அறையைக் கூட்டினாலும் ஒரு புத்தகத்தோடு அந்த அறைக்கு வந்து இருந்தார். பக்கம் புரளவே இல்லை. பொலிசுக்குப் போகச் சொல்லி மகள் தொல்லை தருவதாகவும், தான்தான் மறித்து வைத்திருப்பதாகவும் ஒருநாள் சொன்னார். "உன்னை நான் நம்புகிறேன்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆறு வருடம் அவருடைய கழிவறையைக் கழுவிய கை அது.

மோதிரம் தொலைந்த அன்று காலை அவர் தோட்டத்தில் செடி மாற்றி நட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. கையுறை கிழிந்துவிட்டது என்று சொல்லி வெறுங்கையால் மண் கிளறினார். அதைச் சொன்னேன். விழுந்திருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும் என்றார். என் கணவரை இயந்திரத்தோடு வரச்சொல்கிறேன் என்றேன்.

"சொந்தத் தோட்டத்தில் தேடுவது வேறு விஷயம்," என்றார் சிறிது யோசித்துவிட்டு.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, "இஞ்சாருங்கோ, உங்கடை தடியை வெளியிலை எடுங்கோ," என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

கோப்பையில் இருந்து கையை எடுத்தார். "உம்மைக் கள்ளி எண்டவவே?"

"சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பன்."

திங்கட்கிழமை காலையில் பூசைக்குப் போடுகிற சேர்ட்டை எடுத்து ஸ்திரி போட்டார். மண் கிண்டப் போகிற மனுசனுக்கு ஏன் வெள்ளைச் சேர்ட் என்று கேட்க வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

சிஞ்ஞோரா தோட்டத்தில் கதிரை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் பூப்பாத்தியின் ஒரு மூலையில் தொடங்கி அடியடியாக நகர்ந்தார். கடற்கரையில் வீசியது போல வீசவில்லை. வேர் அறுந்துவிடாமல் விரலாலேயே மண்ணை விலக்கினார். ஆணிகள் வந்தன, ஒரு குழாய்த்துண்டு வந்தது, யாரோ பிள்ளையின் விளையாட்டுக் கார் வந்தது. எலுமிச்சை மரத்தடியில் இன்னொன்று வந்தது. பச்சை பிடித்த, விளிம்பு தேய்ந்த ஒரு நாணயம்.

கதிரையில் இருந்து சிஞ்ஞோரா எழும்பிய வேகத்தை நான் அதுவரை கண்டதில்லை. என் கணவரின் உள்ளங்கையில் இருந்து அதை எடுத்து, தோட்டத்துக் குழாயில் கழுவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மாமனாரின் காணி மண்ணைத்தான் இந்தத் தோட்டத்துக்குப் போட்டது என்றார்.

"சிஞ்ஞோரா, மண்ணுக்குள் கிடக்கிறதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லையா?" என்று கேட்டேன்.

"விசர்க்கதை கதைக்காதே. இது என் தோட்டம்," என்று அதைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கோப்பி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கோப்பைகளையும் நானே கழுவினேன்.

நான் குசினியில் நின்றபோதுதான் என் கணவர் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். செவ்வந்திச் செடி ஒன்றின் அடியில் இருந்து எடுத்த மோதிரம் அவருடைய விரல்களுக்கிடையில் இருந்தது. இரண்டடி தூரத்தில் சிஞ்ஞோரா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் அந்தக் கையைக் கவனிக்காதவர் போல, என்னிடம்தான் தந்தார். நான் மண்ணைத் துடைத்து சிஞ்ஞோராவிடம் கொடுத்தேன்.

"பார்த்தாயா, எங்கேயாவது இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்," என்றார் சிஞ்ஞோரா. மோதிரத்துக்கு முத்தம் கொடுத்தார். மகளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. என் கணவரின் கையில், நத்தாருக்கு யாரோ கொடுத்து மிஞ்சிய கேக் பெட்டியை வைத்தார். திகதி எப்போதோ முடிந்துவிட்டது. இவர் குனிந்து கிராட்சியே என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். "ஏன் நன்றி சொன்னனீங்கள்? அந்தப் பெட்டியை அவவின்ரை வாசலிலையே வைச்சிட்டு வந்திருக்க வேணும். வெள்ளைச் சேர்ட் முழுக்க மண். ஒரு சதம் தரேல்லை. ஒரு சொல்லு மன்னிப்புக் கேக்கேல்லை."

"நான் அவவுக்குத் தேடேல்லையப்பா. உமக்குத்தான் தேடினனான்," என்றார். சொல்லிவிட்டு, தடியைச் சுற்றியிருந்த விரிப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். நான் அவருடைய சேர்ட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

அடுத்த மாதம் அந்த வீட்டு வேலையை விட்டேன். வேறு வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னபோது, உனக்கு எவ்வளவு செய்தேன் என்று சிஞ்ஞோரா கண் கலங்கினார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். அலுமாரியை உடைக்காமல் தூசி தட்ட இன்னொருத்தியைப் பழக்க வேண்டுமே.

ஆனால் காசு அங்கிருந்துதான் தொடங்கியது. சிஞ்ஞோராவின் பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் மனைவியின் தோடு கடற்கரையில் விழுந்துவிட்டது, வந்து தேட முடியுமா என்று கேட்டு என் தொலைபேசி இலக்கத்தை வாங்கினார். இவர் எடுத்துக் கொடுத்தார். அவர் ஒழுங்காகக் காசு தந்தார். அவர் இன்னொருவருக்குச் சொன்னார். புதையல் தேடிய காலத்தில் இவர் சம்பாதித்தது சோடா மூடி. மற்றவர்கள் தொலைத்ததைத் தேடத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்குத் தோய்க்கிற மெஷின் வந்தது. இப்போது கோடை முழுக்க அழைப்புகள். நீந்தும்போது கழன்ற கலியாண மோதிரம், சண்டையில் எறிந்த மோதிரம், மனைவிக்குத் தெரியாமல் தேட வேண்டிய மோதிரம்.

அழைப்புகளை நான்தான் எடுக்கிறேன். இவருடைய இத்தாலியன் குசினி இத்தாலியன்; உப்புக் குறைவு, சட்டி சூடு என்பதற்கு மேல் போகாது. பேரம் பேசவும் தெரியாது. முதல் ஆட்களிடம், விரும்பினதைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் விரும்பியது ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்க. அதன்பிறகு விலையை நான் தீர்மானிக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பாதி முன்னுக்கு. மன்னார்க்காரர் யோசனை தன்னுடையது என்று பங்கு கேட்டு வந்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

போன கோடையில் ஒரு பெண் அழைத்தாள். சங்கிலி மணலில் விழுந்துவிட்டதாம். விலையைச் சொன்னேன். ஒத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் புருஷன் நம்பக்கூடிய ஆளா? கண்டெடுத்துவிட்டு இல்லை என்று சொல்லமாட்டாரே?" என்று கேட்டாள்.

"நீங்களும் வந்து பக்கத்திலேயே நில்லுங்கள்," என்றேன்.

வந்தாள். தொப்பியும் கொண்டுவராமல், முழு மத்தியானமும் அவருடைய முதுகுக்குப் பின்னால் அடியடியாக நடந்தாள். சங்கிலி கிடைத்தது. மீதிக் காசையும் தந்துவிட்டுத்தான் போனாள்.

"பாவம், அந்தப் பொம்பிளையின்ரை தோளெல்லாம் வெயிலிலை சிவந்து போச்சு," என்றார் என் கணவர் வீட்டுக்கு வந்து.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை.