மூன்றாம் கவுண்டர் ஆமையக்கா

அந்த பேங்கில் மூன்றாம் கவுண்டர் வரிசை எப்போதும் வாசல் வரைக்கும் நிற்கும். கூட்டம் அதிகம் என்று நினைத்தால் நீங்கள் அங்கே புதுசு. மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். நகராமல் நிற்பதால் திருவிழாக் கூட்டம் மாதிரித் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் காசாளருக்கு ஆமையக்கா என்று பேர் வைத்தது யாரென்று தெரியவில்லை. வைத்தவர் இன்னமும் வரிசையில்தான் நிற்கிறார் போல.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீட்டில் இந்தப் பேரைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காலையில் ஒரு கை துணியைப் பிழியும், இன்னொரு கை அடுப்பைக் கவனிக்கும், வாய் மகனை எழுப்பும், கால் பூனையை ஓரம் தள்ளும்.

"வீட்டுல எக்ஸ்பிரஸ், ஆபீஸ்ல கட்டை வண்டி" என்பார் லாரி ஓட்டும் புருஷன். "சம்பளம் குடுக்கிறவனுக்கு மட்டும் ஏன் இந்தத் துரோகம்?"

"சம்பளம் குடுக்காத எடத்துல சீக்கிரம் முடிச்சாத்தானே தூங்க முடியும்" என்பாள் அக்கா.

சமையலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு பித்தளைக் கேடயத்தை முட்டுக் கொடுத்திருக்கிறாள். குனிந்து தூசியைத் துடைத்துப் பார்த்தால் 'மிக வேகமான காசாளர்' என்று பொறித்திருக்கும். ஆமாம், அக்காவுக்குத்தான். அது கிடைத்த வருஷம் தனியாக வாழ்ந்த ஒரு வயசான தையல்கார அம்மா வந்து, இருந்ததை எல்லாம் ஒரே தடவையில் எடுக்கக் கேட்டார். காதில் போன். அக்கா நாற்பது நொடியில் எண்ணிக் கொடுத்து, "அடுத்தது யாரு" என்றாள். மறுநாள் அந்த அம்மா மறுபடி வந்தார். ஆபீசர் என்று சொல்லிப் போனில் மிரட்டியவன் ஆபீசரே இல்லை, பணம் போன இடமும் தெரியவில்லை. பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து எழுந்து போனார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அக்கா இத்தனை நாளில் மறந்திருப்பாள்.

அன்றிலிருந்து அக்கா ஆமை. எல்லாருக்கும் ஆமை. "வயசானவங்ககிட்ட மட்டும் மெதுவா இருந்தா போதாதாக்கா?" என்று வாசல் செக்யூரிட்டி கேட்டதற்கு, "போன்ல இருக்கிறவன் வாசல்ல ஆள் வச்சுப் பார்த்தான்னா? எப்பவுமே இப்படித்தான்னு தெரிஞ்சாத்தான் சந்தேகம் வராது" என்றாள். தவிர, அவளுடைய கணக்கு எளிமையானது. ஏமாற்றுகிறவன் எப்போதும் அவசரத்தில் இருப்பான். அவன் அவசரத்துக்கு நாம் ஏன் ஓட வேண்டும்?

இந்தக் கணக்கு மேனேஜருக்குப் புரியவில்லை. அவர் புதுசாக வந்த இளைஞர். அவர் அறையில் ஒரு திரை உண்டு. எந்தக் கவுண்டரில் மணிக்கு எத்தனை பேர் என்று அது காட்டிக்கொண்டே இருக்கும்.

"மேடம், மத்தவங்க பதினெட்டு. நீங்க ஆறு. இந்த மாசமும் இப்படின்னா உங்களை ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன்" என்றார். ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல்களும் எலிகளும் உண்டு. எலிகளை யாரும் போனில் ஏமாற்றுவதில்லை.

இது நடந்த மூன்றாம் நாள் பெரிய சார் வந்தார். முப்பது வருஷம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா மாதம் மூன்றாம் தேதி வருவார், செலவுக்கு எடுப்பார், வரிசையில் செருப்பைத் தேய்த்து நடப்பவர்களைத் திட்டுவார், போவார். அன்றைக்குத் தேதி பதினேழு. மெல்லிய சட்டைப் பையில் போன் வெளிச்சமாக இருந்தது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் நேரம் கண்ணாடி வழியாகவே தெரிந்தது: ஒரு மணி பத்து நிமிஷம்.

"டெபாசிட் முழுசும் உடைச்சு இந்தக் கணக்குக்கு மாத்தணும்மா" என்று தாளை நீட்டினார். யாரோ ஒருத்தன் பேர். வாழ்நாள் சேமிப்பு மொத்தமும்.

"யாருக்கு சார்?"

"மருமகனுக்கு. வீடு வாங்கறான்."

பெரிய சாருக்கு இரண்டு பிள்ளைகள். பெண் கிடையாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பாவம், முதல் பொய்யிலேயே இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்.

வாய் திறந்து சொல்ல முடியாது, பை கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்கா ஒரு துண்டுச் சீட்டில் 'போன்ல இருக்கிறவன் திருடன்' என்று எழுதித் தள்ளினாள். அவர் படித்தார். படித்துவிட்டு அவளைத்தான் திருடி மாதிரிப் பார்த்தார். பேங்க்காரர்களும் கூட்டு, தடுப்பார்கள், நம்பாதீர்கள் என்று பையில் இருந்தவன் முன்னாடியே பாடம் எடுத்திருப்பான். சீட்டு கண்ணாடிக்கு அடியில் திரும்பி வந்தது.

இனி ஆமைதான் கதி.

"கையெழுத்து சேரல சார். இன்னொண்ணு போடுங்க."

"என் கையெழுத்தா? சேரலயா?"

"வால் கொஞ்சம் குட்டையா இருக்கு."

போட்டார். அக்கா ஸ்டேப்ளரைத் தேடினாள். கையிலேயே இருந்தது, ஆனாலும் தேடினாள். இரண்டாவதும் சேரவில்லை. மூன்றாவதில் மை சரியாகப் பதியவில்லை. நான்காவதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பெரிய சாரின் காது சிவந்தது. எத்தனை ஆயிரம் மார்க் ஷீட்டில் போட்ட கையெழுத்து அது.

"எங்க பையனுக்குக் கல்யாணமே ஆயிடும் போல" என்றார் வரிசையில் ஒருவர்.

"பையனுக்கு என்ன வயசு?"

"ஒண்ணாவது படிக்கிறான்."

சிரிப்புச் சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். நான்கு கையெழுத்தையும் அக்காவின் கம்ப்யூட்டர் திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்தையும் பார்த்தார். "மேடம், அச்சு அசலா சேருதே. எழுந்திருங்க, நான் முடிச்சுக் குடுக்கிறேன்."

அக்கா எழுந்தாள். எழுந்து மேனேஜரின் பாதத்தின் மேல் நின்றாள். தெரியாமல் மிதித்தால் காலை எடுத்துவிடுவோம். அவள் எடுக்கவில்லை. மேனேஜர் வலியில் கீழே குனிந்தபோது மேஜை ஓரத்தில் இருந்த சீட்டு கண்ணில் பட்டது. நிமிர்ந்து பெரிய சாரின் பையைப் பார்த்தார். பிறகு கையெழுத்தை மறுபடி பார்த்தார்.

"அட, ஆமா. இந்த வளைவு ஒரு மாதிரி இருக்கு" என்றார். உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. அறைக்கு ஓடி ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். "இந்தப் புள்ளியும் சரியில்ல. சார், இன்னும் ரெண்டு போடுங்களேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

ஏழாவது கையெழுத்துக்குப் பேனாவைத் தூக்கும்போது பை பேசியது.

"யோவ், எவ்வளவு நேரம்யா? ஒரு கையெழுத்து ஒழுங்காப் போடத் தெரியாதா உனக்கு, கிழவா?"

ஒரு மணி நேரமாக 'சார்', 'ஐயா' என்று பேசிய அதே குரல். வரிசையில் எல்லாரும் பையைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய சார் பேனாவை மூடி வைத்தார். போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"நீ எந்த ஸ்கூல்டா?"

போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"போலீஸ்னு சொன்னியே. பெரியவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா? உன் ஸ்டேஷன் எங்க இருக்கு, சொல்லு, நானே வரேன்."

இணைப்பு துண்டானது. பெரிய சார் போனை அணைத்துப் பையில் போட்டார். பிறகு செக்யூரிட்டி கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாதி சட்டையில் சிந்தியது.

"என் பேர்ல ஏதோ கேஸ் இருக்குன்னான்மா" என்றார் அக்காவைப் பார்க்காமல். "பசங்களுக்குச் சொன்னா அவங்களையும் பிடிச்சிடுவேன்னான்."

"ம்" என்றாள் அக்கா. ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

டெபாசிட்டை உடைக்க வேண்டாம் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார். எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே ஓடியது. அன்றைக்கு அவர் போட்டதில் உண்மையிலேயே சேராத கையெழுத்து அது ஒன்றுதான். அக்கா அதைத் திரையில் ஒப்பிடவே இல்லை. முத்திரையை எடுத்துக் குத்தினாள், அதுவும் நாலு நொடியில்.

ஒரு வாரம் கழித்து மேனேஜருக்கு ஒரு கடிதம் வந்தது. சிவப்பு மையில், கோடு போட்ட தாளில்.

'என்னுடைய கையெழுத்து ஆறு முறையும் சரியாகவே இருந்தது. வால் குட்டை என்று தங்கள் ஊழியர் கூறியது அபாண்டம். இதற்கு எழுத்துமூலம் விளக்கம் வேண்டும். அந்த அம்மா மிகவும் மெதுவாக வேலை செய்கிறார். எனினும் அவரை அந்தக் கவுண்டரிலிருந்து மாற்ற வேண்டாம். எனக்கு அங்கே நின்று பழகிவிட்டது.'

மேனேஜர் அதைக் கொண்டுவந்து மூன்றாம் கவுண்டரில் வைத்தார்.

"விளக்கம் கேக்கிறார் மேடம். எழுதிக் குடுங்க."

"எப்போ சார் வேணும்?"

மேனேஜர் தன் பாதத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அவசரமில்ல" என்றார்.