ஒரு பிடி கொழுந்தும் சிறப்புப் பட்டமும்

பொருளியல் துறையின் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த அந்தத் தாள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். சிறப்புப் பட்டத்துக்கு எடுபட வேண்டுமானால் முதலாம் வருடத்தில் எந்தப் பாடமும் தவறக் கூடாது. பொருளியலில் நல்ல தரம் வேண்டும். கணிதமும் புள்ளிவிபரவியலும் சித்தியடைந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பரீட்சை தனி. இவ்வளவையும் தாண்டி நான்காம் வருடத்துக்கு வந்தால், சொந்தமாகத் தகவல் திரட்டி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தகவல் எடுத்த இடத்தின் அனுமதிக் கடிதத்தைக் கடைசியில் இணைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள் என்று என் அறைத் தோழி சொல்வாள். எனக்கோ அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க வீம்பு ஏறியது.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுலப் பக்கம். அங்கிருந்து கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். வந்தவர்களும் மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு பதுளையிலோ பசறையிலோ ஆசிரியராகிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான்காவது வருடமும் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார். வாசலில் நின்ற சின்னம்மாதான் கேட்டாள்.

"சிறப்புன்னா மத்ததவிட ஒசத்தியா?"

"ஆமா சின்னம்மா."

"அப்ப அதையே படி. வாறவன் போறவனெல்லாம் படிக்கிறத நீ எதுக்குப் படிக்கணும்?"

சின்னம்மா அம்மாவின் தங்கை. புருஷன் உயிரோடு இல்லை, பிள்ளை இல்லை. எங்கள் லயத்தில், தோட்டம் கொடுத்த அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். நடுச்சுவருக்கு மேலே திறந்த வெளி என்பதால் நான் சத்தமாகப் படித்ததெல்லாம் அவள் காதிலும் விழும். 'கேள்வி கூடினா வெல கூடும்' என்று, சந்தைத் தேவையைக் கேள்வி என்று சொல்லும் என் பாடத்தை ஒருநாள் எனக்கே எடுத்துச் சொல்லிச் சிரித்தாள். ஒரு மழைக் காலத்தில் மலையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு பொருந்தியது, கைதான் பழைய கையாகவில்லை. அதற்குப் பிறகும் அவள் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயரில் வேலை இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா அவளுக்கு. வேலை போனால் அதுவும் போகும். இது தோட்டத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பின்னால் நான் செய்ததை அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாதபடிக்கு நன்றாகவே தெரியும்.

என் ஆய்வுக்கு எங்கள் தோட்டத்துப் பெண் தொழிலாளர்களையே எடுத்துக்கொண்டேன். வேலை நேரத்தில் மலைக்குள் போகத் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டும். அவர் கடிதம் கொடுத்தார். ஆங்கிலத்தில் நாலு வரி. கடைசி வரி: ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி தோட்ட அலுவலகத்துக்குத் தரப்பட வேண்டும். நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். நிபந்தனைகளில் ஒன்று தீர்ந்தது என்று சந்தோஷமாக இருந்தது.

வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு தேயிலை நிரை நிரையாக ஏறினேன். 'மாதாந்த நுகர்வுப் பாங்கு' என்று நான் வாசித்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியிருந்த பெண்கள் கொழுந்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "இந்தப் புள்ள நம்ம லயத்துலதானே பொறந்துச்சு?" என்று ஒரு அக்கா கேட்டாள். வெட்கத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு வாயால் கேட்க ஆரம்பித்தேன். அதன்பிறகுதான் உண்மையான பதில்கள் வந்தன.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று கணக்கு உண்டு. அதை எடுத்தால் முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள். எடுக்க முடியாத அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த அக்கா மெதுவாகச் சொன்னாள். கொழுந்து நிறுவைக்குப் போகும் வழியில், கடைசித் திருப்பத்தில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் கண் படாத இடத்தில் எல்லாரும் கொஞ்சம் நிற்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி, காய்ச்சல்காரி, கை முடியாதவள், யாருக்கு அன்றைக்குக் குறைகிறதோ அவள் கூடையில் ஆளுக்கு ஒரு பிடி போடுவார்கள். கூடுதல் கிலோவுக்குக் காசு உண்டு என்பதால் போடுகிறவளுக்கு அது நட்டம். ஆனாலும் போடுவார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. அது ஒரு முறை. சின்னம்மாவின் கூடை மூன்று வருடமாக அப்படித்தான் நிறைந்துகொண்டிருந்தது.

புத்தகங்களில் படித்த காப்புறுதி, இடர்ப் பகிர்வு எல்லாம் படங்குச் சாக்கு கட்டி என் முன்னால் நின்றன. நான் வேக வேகமாக எழுதுவதைப் பார்த்து அந்த அக்காவின் முகம் மாறிவிட்டது.

"எழுதுறியே, இது ஆபீசுக்குப் போகுமா?"

"இல்லக்கா. கெம்பஸுக்கு மட்டுந்தான்."

இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. கடிதம் என் கைப்பைக்குள்தான் இருந்தது. அக்கா இன்னும் சந்தேகமாகவே நின்றாள். சின்னம்மா அவளை அதட்டினாள். "என்னாடி வெசாரணை? அவ நம்ம புள்ள. நான் ஜாமீன். எழுதிக்கட்டும்."

ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். சிக்கனமாகப் பேசுவார், அதைவிடச் சிக்கனமாகப் புள்ளி போடுவார். என் வரைவை வாசித்துவிட்டு அந்தப் பகுதியில் பென்சிலால் பெரிய கோடு ஒன்று போட்டார்.

"இது உம்மட சொந்தச் சரக்கு. இதை எடுத்துப்போட்டால் மிச்சம் ஆரும் எழுதுற கட்டுரைதான். இன்னும் விரிவா எழுதும்."

விரிவாக எழுதினேன். எந்தத் திருப்பம், எத்தனை பேர், எத்தனை பிடி, எல்லாம். யாருடைய பெயரையும் போடக் கூடாது என்பது ஆய்வு ஒழுக்கம். அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். சின்னம்மா 'பதிலாளி முப்பத்தேழு' ஆனாள். இடது கை ஊனமுற்ற, தனித்து வாழும் விதவை என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். எங்கள் தோட்டத்தில் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒழுக்கம் பேணிய லட்சணம் இதுதான்.

பதுளையில் கடை வீதியில் ஒரு கடையில் மூன்று பிரதிகள் கட்டுவித்தேன். கறுப்பு அட்டை, பொன்னெழுத்து. துறைக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. கட்டுவதற்கு முன் கடைக்காரர் தாள்களை அடுக்கிக் கொடுத்து, "சரிபார்த்துக்குங்க தங்கச்சி" என்றார். மூன்றாவது பிரதியிலிருந்து, அந்த ஒரு பிடிக் கதை இருந்த ஆறு பக்கங்களை உருவி எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு வராமலில்லை. வந்தது. அந்தப் பக்கங்களின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "சரியா இருக்கு" என்று கொடுத்துவிட்டேன். ஏனென்றால் துரை வாசிக்க வேண்டும் என்று நான் விரும்பியது அந்த ஆறு பக்கங்களைத்தான்.

பிரதியைக் கொடுக்க அப்பாவும் கூட வந்தார். வாழ்நாள் முழுக்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிய மனிதர், அன்றைக்கும் வெளியிலேயே நின்றுகொண்டார். துரை என்னை உட்காரச் சொன்னார். பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. அவர் தாள்களைச் சும்மா புரட்டினார். மூடி வைக்கப் போனார். "சேர், புதிதாகக் கண்டுபிடித்தது இதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, நானே கையை நீட்டி அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். அவர் தமிழ் வாசிப்பார். வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். "வெரி இன்டரஸ்டிங்" என்றார். அந்த இரண்டு சொல்லை மலை இறங்கும் வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அடுத்த நாளே ரயிலேறிக் கெம்பஸுக்குப் போய்விட்டேன். இறுதிப் பரீட்சை, அதன்பின் வாய்மொழிப் பரீட்சை. அங்கேயும் அந்தப் பகுதியைத்தான் பாராட்டினார்கள். வீட்டிலிருந்து மாதம் இரண்டு கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுத வராது. அந்த அக்காவின் மகள் எழுதிக் கொடுப்பாள். எல்லாரும் சுகம், சின்னம்மாவும் சுகம், நன்றாகப் படிக்கவும். ஒவ்வொரு கடிதத்திலும் இதே வரி.

முடிவு வந்தது. இரண்டாம் வகுப்பு, மேற்பிரிவு. பதுளையில் இறங்கி ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பக்கத்துக் காம்பராவின் கொடியில் யாரோ ஒரு ஆணின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"சின்னம்மா எங்கம்மா?"

அம்மா லட்டுப் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். நான் பிரதி கொடுத்த அடுத்த கிழமையிலிருந்து கணக்கப்பிள்ளை அந்தத் திருப்பத்திலேயே நிற்க ஆரம்பித்தார். நிரை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகத் தராசுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. சின்னம்மாவுக்கு நாள் தவறாமல் அரைப்பேர் விழுந்தது. மூன்றாம் மாதம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, முடியாத கையோடு எதற்கு மலைக்கு வருகிறாய், விலகிக்கொள் என்றார்கள். காம்பரா போயிற்று. எங்களோடு வந்து இரு என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். 'புள்ள வந்தா எங்க உக்காந்து படிக்கும்' என்று கேட்டுவிட்டு, கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள்.

"எனக்கு ஏம்மா எழுதல?"

"ஒனக்கு சோதன கிட்ட வந்துருச்சுன்னு அவதான் வேணாம்னா. லயத்துல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிட்டுத்தான் போனா."

அக்கா அன்று மாலை வந்தாள். ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, "பாஸாகிட்டியாமே, நல்லா இரு" என்றாள். என்னை அவள் திட்டியிருக்கலாம். இன்றுவரை திட்டவில்லை.

நான் பதுளையில் அரசாங்க வேலையில் சேர்ந்தேன். சிறப்புப் பட்டத்துக்குத் தனி மதிப்புத்தான். துரையிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், போகவில்லை. என்ன சொல்லிக் கேட்பது, நானே பக்கத்தை விரித்துக் கொடுத்துவிட்டு? சின்னம்மாவைப் பார்க்கப் போகவும் தைரியம் வரவில்லை. தைப்பொங்கலுக்குச் சேலை அனுப்பினேன். இரண்டாயிரம் பிறந்து மூன்றோ நான்கோ வருடம் கழித்து, ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனபோதுதான் அந்த வீட்டைத் தேடிப் போனேன்.

பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இடது கையால் பாதியை இறுக்கிப் பிடிக்க முடியாததால் முழங்காலையும் சேர்த்து அண்டக் கொடுத்திருந்தாள். என்னைக் கண்டதும் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டு, "இதான் எங்க அக்கா மக. எக்கனாமிக்ஸ் ஸ்பெஷல்" என்றாள். அந்தச் சொல்லை எங்கே கற்றாளோ. அந்த அம்மா உள்ளே போனதும், "என்னால்தானே சின்னம்மா" என்றேன்.

"அட சும்மா இரு. துரை கேட்டா புள்ள குடுக்காம என்ன செய்யும்? நான் அப்பவே எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். புள்ளைக்குத் தெரியாது, பொறகுதான் துரை கேட்டு வாங்கிட்டாருன்னு."

இத்தனை வருடம் அவள் என்னை இப்படித்தான் காப்பாற்றி வைத்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அப்படியே இருந்திருக்கும். அவளுக்காகச் சொன்னேனா, என் நெஞ்சுப் பாரம் இறங்கச் சொன்னேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"தெரியும் சின்னம்மா. குடுக்கணும்னு கடுதாசியிலயே இருந்துச்சு. மலையில அக்கா கேட்டப்ப அது எம் பையிலதான் இருந்துச்சு. ஆபீசுல அந்தப் பக்கத்த நானேதான் தொறந்து காட்டினேன்."

துருவல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன்; வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் தேங்காயை மறுபடியும் முழங்காலில் அண்டக் கொடுத்துக்கொண்டாள்.

"இத லயத்துல யாருகிட்டயும் சொல்லிறாத" என்றாள். "நான்தான் ஒனக்கு ஜாமீன் நின்னேன்."