கொஞ்ச நாள்

ஒவ்வொரு வசனத்தையும் எபிரேயத்தில் இரண்டு முறை, பொருளை ஒரு முறை. முதல் முறை ஊருக்குக் கேட்க, இரண்டாம் முறை தனக்குள் என்பது ஃபோர்த்துனா யெதித்தின் வழக்கம். அதன் பிறகுதான் பக்கத்தின் அடியில் எறும்புச் சாரிபோல் ஓடும் உரைக்கு விரலை நகர்த்துவாள். அடுப்பில் சோறு தீய்ந்தாலும் நடுவில் எழுந்திருக்க மாட்டாள். "சோறு போனா வேற வைக்கலாம்டி. பாதியில விட்ட வசனம் தொண்டையில முள்ளா நிக்கும்" என்பாள், எதிரே இருக்கும் லிண்டாவிடம்.

லிண்டா ஹராரி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், பத்து வயது இளையவள். வியாழன் நாலு மணிக்கு மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையைக் கையில் ஏந்தியபடியே வந்துவிடுவாள். புத்தகம் விரித்த மேசையில் அதை வைக்கக் கூடாது. மடியில் இடுக்கிக்கொண்டுதான் உறிஞ்ச வேண்டும். வெள்ளி அஸ்தமனத்துக்குள் யூத வேதமான தோராவில் அந்த வாரத்துப் பகுதி முடிந்தாக வேண்டும்.

ஃபோர்த்துனாவுக்கு எழுபத்தொன்பது வயது. ஃப்ளோரெஸ் பேட்டையில் யார் வீட்டு விசேஷமென்றாலும் திராட்சை இலைச் சுருள்கள் இவள் கைதான். அரிசியும் கறியும் வைத்து விரற்கடை அளவில் சுருட்டினால் ஒன்றுகூடப் பிரியாது. இலைக்கறை ஏறிய அதே விரலைத்தான் உரையின் எழுத்துகள்மேல் ஓட்டுவாள். உரை எழுதியவர் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர், பிரான்ஸ் தேசத்தவர். பக்கத்து ஃபிளாட்காரரைச் சொல்வதுபோல "பிரெஞ்சுக்காரர்" என்பாள். "அவர் சும்மா வாயைத் திறக்க மாட்டார். திறந்தார்னா ஏதோ உறுத்திருக்குன்னு அர்த்தம்."

இந்தப் படிப்பு அறுபத்தெட்டு வயதில் தொடங்கியது. அதற்கு முன் அவளுக்குக் கடைதான் உலகம். அவெல்லானேடா தெருவில் துணிக்கடை. கணவர் படுத்த படுக்கையானபோது, கடையைச் சின்னவன் எலியாஸ் பெயருக்கு எழுதச் சொன்னது அவள்தான். பெரியவன் நிசிம் முன்கோபி, கடை அவன் கையில் நிற்காது என்று நினைத்தாள். நினைத்ததைக் கணவரின் காதில் போட்டாள், அவர் கையெழுத்துப் போட்டார். துக்கம் கேட்கும் ஏழு நாள் முடிந்த மறுநாள், துணி வெட்டும் கத்தரியோடு நிசிம் தம்பி வீட்டு மாடிப்படி ஏறினான். எலியாஸ் அப்போது அம்மாவின் சமையலறையில் இருந்தான். விடிந்ததும் அவனைப் பனாமாவுக்கு, தன் தங்கை வீட்டுக்கு, விமானம் ஏற்றினாள்.

"கொஞ்ச நாள்டா. அண்ணன் கோவம் ஆறட்டும். நானே கூப்பிட்டு அனுப்பறேன்."

கடை ஒரு வருஷத்தில் மூடிப்போயிற்று. கோபம் மூடவில்லை.

எலியாஸ் விமானம் ஏறிய அதே வருஷம் நவம்பரில் ஜெபக்கூடத்துப் பெண்கள் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே வாசித்த பகுதியில் ஒரு தாய் தன் இளைய மகனை அனுப்பிவைக்கிறாள்: கொஞ்ச நாள் அங்கே இரு, அண்ணன் கோபம் தணியட்டும், ஆள் அனுப்பி அழைத்துக்கொள்கிறேன். ஃபோர்த்துனா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு படியிறங்கி, வாசலில் லிண்டாவை நிறுத்தினாள். "டீச்சர், அந்தப் பொம்பளைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"வாரா வாரம் வரிசையாப் படிச்சா தெரிஞ்சுடும்க்கா."

இரண்டு வாரத்தில் தெரிந்தது. அவள் ஆள் அனுப்பவேயில்லை, அல்லது அனுப்பிய ஆள் போய்ச் சேரவில்லை. மகன் திரும்பி வருமுன் இறந்துவிட்டாள். அவளுடைய தாதி செத்ததைச் சொல்கிற புத்தகம் அவள் செத்ததைச் சொல்லவில்லை. பொல்லாத மூத்தவனைச் சுமந்த வயிறு என்று ஊர் சபிக்கும், அதனால் அவள் சாவையே மறைத்தார்கள் என்கிறார் பிரெஞ்சுக்காரர். ஃபோர்த்துனா புத்தகத்தை மூடி வைத்தாள். மறு வியாழன் அவளே திறந்தாள். அன்றுமுதல் பதினோரு வருஷம், ஒரு வாரம் தவறவில்லை.

இந்த வருஷம் அந்தப் பகுதி வந்த வாரம், செவ்வாய்க்கிழமை, பனாமாவிலிருந்து ஃபோன். எலியாஸின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"நிசிமுக்கும் ஒரு பத்திரிகை அனுப்புடா."

"அம்மா, அவன் பேச்சை எடுக்காதே."

"எனக்காக."

"உனக்காகத்தானே இங்க வந்து கெடக்கறேன்? நீதானே போகச் சொன்னே. கொஞ்ச நாள்னியே! எம்பொண்ணுக்குக் கல்யாணமே வந்திருச்சு."

மணமகன் வீட்டார் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை லிண்டா அந்த இடத்தை வேகமாகத் தாண்டப் பார்த்தாள். ஃபோர்த்துனா விரலை ஊன்றினாள். "கொஞ்ச நாள்" என்பதை இரண்டு முறை படித்தாள், பொருளை ஒரு முறை. ஏழு வசனம் தள்ளி, அந்தப் பெண்ணைக் குறிப்பிடும் இடத்தில், இளையவனுக்கும் மூத்தவனுக்கும் தாய் என்று ஒரு சொல் கூடுதலாக வரும். இது எதைக் கற்பிக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை என்று உரைகாரர் அங்கே எழுதி வைத்திருக்கிறார்.

லிண்டாவுக்கு இது வருஷா வருஷம் எரிச்சல். "தெரியலைன்னா பேசாமப் போகவேண்டியதுதானே? யார் இவரைக் கேட்டா?"

"யாராவது கேட்டிருப்பா" என்றாள் ஃபோர்த்துனா. "ஒருத்தியாவது வாசல்ல வந்து நின்னு கேட்டிருப்பா. பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரல."

பகுதியின் கடைசியில் ஒரு கணக்கு வரும். மகன் தாயைப் பிரிந்திருந்த வருஷங்களை உரைகாரர் கூட்டிக் காட்டுகிறார்.

"இருபத்திரண்டு" என்றாள் லிண்டா, தணிந்த குரலில்.

"எனக்கு இப்பத்தான் பாதி. எழுபத்தொம்பதும் பதினொண்ணும் எத்தனைடி?"

முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சினாள்.

வெள்ளிதோறும் நண்பகலில் நிசிம் வருவான். நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறான். சபாத் என்னும் ஓய்வுநாளுக்கான சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்வான், நிலையைத் தாண்டி உள்ளே வர மாட்டான். மூன்று மணிக்கு எலியாஸ் கூப்பிடுவான். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி நேரம் இருக்கும்படி அவளே பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வெள்ளி, காலையிலேயே நிசிமுக்குச் சொல்லி அனுப்பினாள்: இலைச் சுருள் வேகவில்லை, மூணு மணிக்கு வா. சுருள்கள் பத்து மணிக்கே வெந்து ஆறிப் பைக்குள் இருந்தன.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் நிசிம் வந்தான். ஐம்பத்தாறு வயது, காதோரமெல்லாம் நரை. "இவ்வளவு நேரமா வேகும், உன் கைக்கு?"

"இலை முத்தல்டா. எண்ணெய் போதுமா பாரு."

"எல்லாம் போதும். குடு, போறேன்."

பையைக் கொடுக்காமல் கல்யாணச் சேதியைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி அவளிடமிருந்து பையை உருவிக்கொண்டு திரும்பினான். ஃபோன் அடித்தது.

அவள் இடது கையால் ஃபோனை எடுத்தாள், வலது கையால் அவன் சட்டைக் கைமடிப்பைப் பிடித்தாள்.

"சபாத் சலோம், எலியாஸ். சாப்டியாடா? அங்க மழை விட்டுச்சா?"

"விடும்மா" என்றான் நிசிம். குரலைத் தணித்துத்தான் சொன்னான்.

ஃபோனில் எலியாஸின் குரல்: "அம்மா, பக்கத்துல யாரு?"

அவள் கைமடிப்பை விரல்களில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.