மருமகன் கண்ணில் படாத மடிக்கணினி

ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினியை இரு கைகளிலும் ஏந்தியபடி, தொக்தார் பால்கனிக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார். வெளியே ஷிம்கென்ட் நகரத்து ஜனவரி மூக்கைக் கடித்தது. உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் கணினி. உள்ளே அலறிக்கொண்டிருந்த விசிறியின் சத்தம் மெல்ல இறங்கியது. அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். கோடைக்காலத்தில் ஒரு கல்யாணப் படத்தை ரெண்டர் செய்ய, அதாவது வெட்டிய துண்டுகளையெல்லாம் ஒரே படமாகக் கோத்தெடுக்க, அந்தக் கிழட்டு இயந்திரத்துக்கு அரை நாள் பிடிக்கும். குளிர்காலத்தில் பால்கனி புண்ணியத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடும். வேலை முடிந்ததும் சட்டென்று உள்ளே கொண்டுவர மாட்டார். வியர்த்துவிடுமாம். தன் கம்பளிக் கோட்டுக்குள் அதைச் சுற்றி, நடைவழியில் கொஞ்சநேரம் வைத்துவிட்டுத்தான் அறைக்குள் எடுத்து வருவார்.

"பொறந்த கொழந்தையைக்கூட இப்படிப் பாத்துக்கல இந்த மனுஷன்" என்பாள் அவர் மனைவி ரிஸ்தி.

தொக்தாருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்யாண வீடியோ எடுப்பவர். ஒல்லி, கழுத்து கொஞ்சம் நீளம், கூட்டத்தில் அவர் தலை மட்டும் தனியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். கால்சட்டைக்கு இடுப்புவாரும் உண்டு, தோள்வாரும் உண்டு. பையில் எல்லாம் இரண்டு இரண்டாக இருக்கும்: இரண்டு மைக், இரண்டு மின்கம்பிச் சுருள், இரண்டு ஜோடிக் காலுறை. ஏன் என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். இந்த இரண்டு சொற்களையும் அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்று கணக்கெடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. படம் பிடிக்கும்போது கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். அடுத்த நிமிடம் அந்த விளக்கு பொய் சொல்கிறதோ என்று மறுபடி பார்ப்பார்.

இந்த ஊரில் கல்யாண வீடியோக்காரனின் உயிர் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. காலையில் பெண் வீட்டாரின் அழுகையையும், மதியம் மாப்பிள்ளை வீட்டில் மணமகளின் முகத்திரை விலக்கும் சடங்கையும் எடுத்து, அன்று மாலையே ஐந்து நிமிடப் படமாக்கி, விருந்து மண்டபத்துத் திரையில் நானூறு பேருக்கு முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். அது நன்றாக ஓடினால் அந்த நானூறு பேரும் அடுத்த கல்யாணத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

டிசம்பரில் அது ஓடவில்லை. படத்தில் மாப்பிள்ளையின் அப்பா குதிரை இறைச்சியை வாயில் போட்டுக்கொண்ட கணத்தில் கணினி உறைந்தது. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, உதட்டோரம் கொழுப்பு வழிய, சுவர் உயரத்துக்கு அந்த மனிதர் நின்றார். தொக்தார் எதையெதையோ தட்டினார். திரையில் அந்த முகம் நின்றுகொண்டே இருந்தது. மறுநாள் காலைக்குள் அந்த முகம் ஊரில் பாதிப்பேர் கைபேசிக்குப் போய்விட்டது.

அந்த மனிதரின் தம்பிதான் இப்போது தன் மகன் கல்யாணத்துக்குத் தொக்தாரைப் பிடித்திருந்தார். ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

"வாக்கு வாக்குதான். ஆனா எங்கண்ணனை நிக்க வெச்ச மாதிரி என்னையும் நிக்க வெச்சே, அதுக்கப்புறம் இந்த ஊர்ல நீ ஆட்டுக் கல்யாணம்கூட எடுக்க முடியாது, தம்பி" என்று தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புதான் தொக்தாரின் தூக்கத்தைக் கெடுத்தது. புதுக் கணினி வாங்கியே ஆகவேண்டும். அதுவும் ஒன்றுதான் வாங்க முடியும்.

சந்தையின் அடித்தளத்தில் கணினி விற்கும் சவுலேவுக்கு அவர் அந்த வாரம் முழுவதும் தினசரி விருந்தாளி.

"வாங்கண்ணே. பொண்ணு பாக்குற படலம் இன்னிக்கும் உண்டா?"

"சும்மா அந்தப் பக்கமா வந்தேன்."

"ரெண்டு பேரும் குளிச்சு முழுகி உக்காந்திருக்காளுங்க. பெரியவ குண்டு, ஆனா வேலைன்னு வந்தா பேய். சின்னவ ஒல்லி, நாள் பூரா பட்டினி கிடப்பா, முணுமுணுக்க மாட்டா."

பெரிய மடிக்கணினி, கணினி விளையாட்டு ஆடும் பையன்களுக்காகச் செய்தது. கறுப்பு நிறம், விசைகளுக்கு அடியில் வானவில் வெளிச்சம், பக்கவாட்டில் மீனின் செவுள்போலக் காற்றுத் துளைகள். சார்ஜரைத் தனியாக எடுத்தாலே செங்கல் கனம். சின்னது ரொட்டிபோலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில், எந்தப் பைக்குள்ளும் நுழைந்துகொள்ளும்.

"பெரியவ கரண்ட் இல்லாம எவ்வளவு நேரம் தாங்குவா?"

"நேத்து சொன்னதுதான். நல்லா வேலை வாங்கினா ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம்னா… முழுசா ஒரு மணி நேரமா?"

"அண்ணே, நான் கம்ப்யூட்டர் விக்கிறேன். ஜோசியம் பாக்கல."

அவர் சின்னதைத் தூக்கிப் பார்ப்பார். சொசாக் பக்கத்துக் கிராமங்களுக்கு நாலு பேரோடு ஐந்தாவது ஆளாக வாடகைக் காரில் போகும்போது மடியில் இது இருந்தால் எவ்வளவு சுகம். அங்கே காற்றடித்தால் மின்சாரம் போய்விடும். இது பாட்டுக்கு ஓடும். ஆனால் படம் முடியுமா? மறுநாள் டிசம்பர் கல்யாணத்தின் காட்சிகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் ரெண்டர் போட்டுவிட்டு, நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். பெரியது உறுமி முடித்தது. சின்னது பாதி தூரத்தில் வெந்துகொண்டிருந்தது. சவுலே தேநீர் கொடுத்தாள், அவர் குடிக்கவில்லை.

"பாத்துட்டீங்களே, அப்புறம் என்ன?"

"அதுக்கில்ல…" என்று இழுத்தார்.

அதில்தான் விஷயமே இருந்தது. விஷயத்தின் பெயர் செரிக்பாய்.

செரிக்பாய் அவருடைய மூத்த அக்காவின் மகன். மாமன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே பிறந்துவிட்ட மருமகன். நீண்டதூர லாரி ஓட்டுகிறவன்; மலைபோன்ற ஆள். ஓய்வு கிடைத்தால் லாரிக்குள்ளேயே படுத்துக்கொண்டு கணினியில் பீரங்கி வண்டிச் சண்டை விளையாடுவான். அவனுடைய கணினி தாங்காமல் திணறுகிறது என்பது குடும்பத்துக்கே தெரிந்த துக்கம்.

அந்த ஊர் வழக்கப்படி, அக்கா மகன் எதைக் கேட்டாலும் மாமன் இல்லை என்று சொல்லக்கூடாது. மூன்று முறை வரைக்கும் அது அவன் உரிமை. "மருமகன் வர்றதுக்குப் பதிலா ஏழு ஓநாய் வரலாம்" என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. தொக்தார் ராணுவத்திலிருந்து திரும்பிவந்து வாங்கிய மோட்டார் சைக்கிளை செரிக்பாய் ஒரு முறை கேட்டான், போய்விட்டது. கல்யாணத்துக்கு ரிஸ்தி வீட்டார் கொடுத்த பெரிய தொலைக்காட்சிப் பெட்டியை இன்னொரு முறை கேட்டான். ரிஸ்தி இன்றைக்கும் அந்த வெற்றுச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். மூன்றாவது முறை பாக்கி. வருடக்கணக்காகப் பாக்கி. குடும்ப விருந்துகளில் அவன் கண் எதன்மேல் தங்குகிறது என்று கவனிப்பதே தொக்தாருக்கு ஒரு வேலை.

மறுத்துவிட்டால் என்ன? மருமகன் மனம் நோகச் செய்த மாமனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். தொக்தார் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் அவர் கையை வைத்துப் பிழைப்பவர்.

"சின்னதையே எடுத்துடவா? அவன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்று ரிஸ்தியிடம் கேட்டார்.

ரிஸ்தி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை செய்கிறவள். "நான் ஊசி குத்துறதுக்கு முன்னாடி இவ்வளவு யோசிச்சா, நோயாளி எழுந்து வீட்டுக்குப் போயிடுவான். வேலைக்கு எது ஆகும்?"

"பெரியது."

"அப்ப அதை எடுங்க. மருமகனுக்கு பயந்துக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுல அடி வாங்காதீங்க."

அவர் பெரியதையே எடுத்தார். பெட்டியில் வைக்கும்போது சவுலேவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இதைக் கொஞ்சம் ஏழையாக் காட்ட முடியுமா?"

அவள் முதலில் சிரித்தாள்; பிறகு அவர் முகத்தைப் பார்த்து உதவினாள். விசை வெளிச்சத்தை அணைத்துக் கொடுத்தாள். மூடியில் மின்னிய சின்னத்தை மறைத்து ஒரு பழுப்புத்தாளை ஒட்டினாள். அதன்மேல் அவர் தன் கைப்பட "கணக்கு வேலைக்கு மட்டும்" என்று எழுதினார்.

கல்யாணச் சனிக்கிழமை காற்றோடு விடிந்தது. பெண்ணின் கிராமத்திலிருந்து திரும்பும் காரிலேயே அவர் பாதிப்படத்தை வெட்டிவிட்டார். முழங்கால் இரண்டும் வெந்தன. மண்டபத்துக்குள் நுழையும்போது பேட்டரி அடிமட்டத்தில் இருந்தது. மேடைத்திரைக்குப் பின்னால் பாட்டுக்காரர்களின் ஆட்கள் எல்லா பிளக் பாயின்ட்டையும் பிடித்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் சுவரைவிட்டுப் பாதி பிதுங்கித் தொங்கியது. பிளக்கைச் செருகி அழுத்தினால் மின்சாரம் வந்தது. கையை எடுத்தால் போனது. பையில் எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்த மனிதரிடம் சுவர் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

ரெண்டர் பாதியில் நின்றது. அவர் இடது காலை நீட்டிப் பிளக்கை உதைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கணினியை எட்டப் பார்த்தார். எட்டவில்லை. மண்டபத்தில் விருந்தை நடத்துகிறவர் மைக்கில், "இன்னும் சித்த நேரத்துல நம்ம படம்!" என்று கத்தினார். கூட்டம் கை தட்டியது.

திரை விலகி ஒரு பெரிய உருவம் உள்ளே வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவுடைய லாரியைத்தான் செரிக்பாய் ஓட்டுகிறான் என்பது தொக்தாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்ன மாமா, சுவர் விழுந்துடும்னு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கீங்களா?"

அவருக்கு வேறு வழியில்லை. "இதைப் பிடி மருமகனே. அழுத்திப் பிடி. விட்டே, நான் செத்தேன்."

செரிக்பாய் கட்டைவிரலால் அழுத்தினான். லாரிச் சக்கரத்தைக் கழற்றும் விரல், பிளக் அசையவில்லை. தொக்தார் தட்டியதும் ரெண்டர் மறுபடி ஓடியது. விசிறி முழு வேகத்தில் உறுமத் தொடங்கியது. மருமகன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"என்ன மாமா இது? சரக்கு லாரி மேடு ஏறுற மாதிரி சத்தம் போடுது."

"கணக்கு எழுதுற மெஷின்."

"கணக்கா? எந்த நாட்டுக் கணக்கு?" அவன் பழுப்புத்தாளைப் படித்தான். செவுள்களைப் பார்த்தான். சும்மா இருந்த இடது கையை நீட்டி, தனக்கு நன்றாகத் தெரிந்த விசைகளைத் தேடித் தட்டினான். விசைப்பலகை முழுவதும் சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ப் பற்றிக்கொண்டது.

"அடப்பாவி மாமா!"

அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோவிலுக்குள் நுழைந்தவனின் குரல் அது.

"மருமகனே, இப்ப பேசாதே. அழுத்து."

"அழுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

ரெண்டர் முடிந்து, மண்டபத்துத் திரையில் படம் ஓடியது. பெண்ணின் தாய் கதவோரம் நின்று அழுதாள். முகத்திரை விலகியது, மணமகள் குனிந்து வணங்கினாள். மாப்பிள்ளையின் அப்பா வாய் மூடி, மார்பு நிமிர்ந்து, காற்றில் தொப்பி பறக்காமல் கையால் பிடித்தபடி குதிரைக்காரன்போல நடந்து வந்தார். எங்கும் நிற்கவில்லை. மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ "வாழ்க" என்று கூவினார்கள். தொக்தார் திரையைப் பார்க்கவே இல்லை. மருமகனின் கட்டைவிரலையும் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் எது முதலில் அசைந்தாலும் ஆபத்து.

கடைசிக் காட்சி முடிந்து கைதட்டல் எழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா மைக்கைப் பிடுங்கி, "வீடியோக்காரத் தம்பி எங்கே? அவனுக்குக் கறி குடுங்கடா!" என்றார். ஒரு பெண் திரைக்குள் நுழைந்து, வாலடிக் கொழுப்பும் இறைச்சியும் வெந்த மாவுத் துண்டுகளும் குவிந்த தட்டை முக்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

செரிக்பாயின் விரல் இன்னும் சுவரில்தான் இருந்தது. கண் கணினியில். அவன் குரல் குழைந்தது.

"மாமா… ரொம்ப நாளா நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல, இல்ல?"

விருந்து முடிகிற நேரத்தில் பெரியவர்கள் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி, சிறியவர்கள் வாயில் தங்கள் கையால் ஊட்டுவது வழக்கம். வயதில் சிறியவரானாலும் மாமன் மாமன்தான். அப்படி நீளும் கையை எவனும் தட்ட முடியாது, துப்பவும் முடியாது.

"அதனால, மூணாவதா இந்த—"

தொக்தார் ஐந்து விரலையும் விரித்து அள்ளி, கொழுப்புத் துண்டு வெளியே வழுக்காமல் அமுக்கி, மருமகனின் திறந்த வாயில் முழுப் பிடியையும் திணித்தார். செரிக்பாயின் கன்னம் இரண்டும் புடைத்தன. கண்ணில் நீர் கட்டியது. அவன் மரியாதையாக மெல்லத் தொடங்கினான். தொக்தார் மண்டியிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த பிடியை உருட்டிக்கொண்டிருந்தார்.