ஏழாம் நம்பர் மிஷினும் நான்கு எழுத்துகளும்

1. புகார்

"சார், மிஷின் முட்டுது சார்."

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முப்பது வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவன் காதில் இந்த வாக்கியம் விழாத நாள் கிடையாது. என் பதிலும் எப்போதும் தயாராக இருக்கும்: "மிஷின் முட்டாது, வெரல்தான் முட்டும்." 1998-இல் அரியலூரில் செல்வராணிக்கும் அதையே சொன்னேன்.

செல்வராணி உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். வேலை முடித்து, பஸ் பிடித்து வந்து, கடைசி பேட்ச்சில் உட்காருவார். அந்த நேரத்தில் காலியாக இருப்பது ஏழாம் நம்பர் மிஷின் மட்டும்தான். லோயர் பாஸ். ஹையரில் இரண்டு முறை ஃபெயில். இரண்டு முறையும் பத்து நிமிட ஸ்பீடு பேப்பரில், எழுத்துகளைத் தாங்கும் டைப் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டிச் சிக்கிக்கொண்டன. பிரித்துவிடுவதற்குள் நேரம் போய்விட்டது. அடுத்த பரீட்சைதான் அவருக்குக் கடைசி. அதிலும் தேறாவிட்டால் அரசு டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போடும் வயது தாண்டிவிடும்.

பரீட்சைக்கு மிஷினை நாங்களேதான் கொண்டுபோக வேண்டும். சாக்கு சுற்றி, வைக்கோல் பரப்பிய மினி லாரியில் ஏற்றிப் பெரம்பலூர் சென்டரில் இறக்குவோம். பழகிய மிஷினிலேயே எழுதுவது வழக்கம். ஆகவே மூன்றாம் முறையும் அவருக்கு ஏழாம் நம்பர்தான்.

2. சோதனை

பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு மெக்கானிக் பஷீர் பாய் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தார். பிறகு நரி நாயைத் தாண்டும் அந்த இங்கிலீஷ் வாக்கியம். இருபத்தாறு எழுத்தும் அதில் வந்துவிடும் என்பதால், உலகத்து மெக்கானிக்குகள் எல்லோரும் அதோடு திருப்தி அடைந்துவிடுவார்கள்.

"கிளீனா இருக்கு சார்" என்றார் பாய்.

செல்வராணி நகரவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"எங்கெங்க முட்டிச்சோ அந்த வார்த்தையெல்லாம் எழுதி வச்சிருக்கேன் சார்."

கம்யூனிகேஷன். மியூனிசிபாலிட்டி. அம்யூனிஷன்.

"நீளமான வார்த்தைன்னா உனக்குப் பயம். அதான் வெரல் தடுமாறுது" என்றேன்.

"பயமில்ல சார். அட்மினிஸ்ட்ரேஷன் இதுங்க எல்லாத்தையும் விட நீளம். அதுல ஒரு வாட்டிகூட முட்டலையே."

தாளை வாங்கி மேஜைமேல் வைத்தேன். முட்டிய மூன்று சொல்லிலும் எம், யு, என், ஐ நான்கும் இருந்தன. முட்டாத சொல்லில் யு இல்லை. அந்த நான்கு எழுத்தின் கம்பிகளும் மிஷினுக்குள் நெருக்கமாகப் படுத்திருப்பவை. நரி வாக்கியத்தில் நான்கும் ஒரே சொல்லில் சேர்ந்து வராது.

மூன்று சொல்லை வைத்து முடிவு கட்ட முடியாது. அந்த நான்கும் நெருக்கமாக வரும் சொற்கள் இன்னும் வேண்டும். சின்னச் சொல்லில் அவை சேர்வது அபூர்வம். நான் டிக்ஷனரியைப் புரட்டத் தொடங்கினேன். ஐந்து நிமிடமாகியும் எதுவும் அகப்படவில்லை.

"அலுமினியம்!" என்றார் பாய். "வூட்டுல பாதிப் பாத்திரம் அதான் சார்."

"இம்யூனைசேஷன்" என்றார் செல்வராணி. "தடுப்பூசி போடுற எடத்துல போர்டுல இருக்கும்."

என் பங்குக்கு 'யுனானிமஸ்லி' என்றேன். கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காவிட்டால் மினிட்ஸில் எழுதும் சொல் அது.

செல்வராணி மூன்றையும் ஹையர் வேகத்தில் அடித்தார். இம்யூனைசேஷனில் நான்கு கம்பிகளும் கொத்தாகச் சிக்கின. அலுமினியத்திலும் அதே கதை. என்னுடையது மட்டும் தப்பித்தது. அதில் அவை அவ்வளவு நெருங்கி வரவில்லை.

பாய் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். கம்பிகள் உட்காரும் காடிப் பள்ளங்களில் அழிரப்பர் தூளும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிக் கிடந்தன.

"இதுல யாரு சார் எண்ணெய் விட்டது? பெட்ரோல் ஊத்திக் கழுவணும். எண்ணெயக் கண்ணுலயே காட்டக் கூடாது."

நான்தான். பரீட்சை வாரம் தவறாமல், கோழி இறகில் தொட்டு, ஒவ்வொரு மிஷினுக்கும் நடுவில் ஒரு சொட்டு. இன்ஸ்டிடியூட் சுவரில் ஒட்டியிருந்த பராமரிப்பு விதிகளில் அது நான்காவது. எழுதியவனும் நான்தான். அந்த நான்கு கம்பிகளும் இருப்பது நடுவில்தான்; அதனால் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தாமதமாகத் திரும்பியது. ஒவ்வொன்றாகத் தட்டினால் தெரியாது. நான்கும் வரிசையாக வேகத்தில் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

"அப்ப ரெண்டு வாட்டியும் என் வெரலு இல்லியா சார்?"

"இல்லம்மா. என் எண்ணெய்."

"பரீட்ச நாளாச்சேன்னு சார் மிஷினுக்குத் தலக்கி எண்ணெய் தேச்சு விட்டிருக்காரு" என்றார் பாய். செல்வராணி சிரிக்கவில்லை. அதற்கான உரிமை அவருக்கு இருந்தது.

பாய் ஏழாம் நம்பரைக் கழுவினார். நான் மற்ற மிஷின்களைக் கழுவினேன்.

3. பெரம்பலூர்

ஹாலில் முப்பது மிஷின்கள் ஒன்றாக அடித்தால் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருக்கும். வராண்டாவில் நின்று ஏழாம் நம்பரின் சத்தத்தைத் தனியே பிரித்துக் கேட்க முயன்றேன். முடியவில்லை. பெல் அடித்ததும் செல்வராணி வெளியே வந்தார்.

"முட்டிச்சாம்மா?"

"இல்ல சார். மூணு தப்பு. அது மூணும் என் வெரலுதான்." இப்போது சிரித்தார்.

ரிசல்ட் வந்தது. பாஸ். மனு வயதுக்குள் போய்ச் சேர்ந்தது. பிறகு தா.பழூரில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார்.

சுவரில் நான்காவது விதியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சோதனைச் சொற்களின் பட்டியலை எழுதினேன். அதில் கேஸ்ட்ரோல் எண்ணெய்க்கு மட்டும் இடம் தரவில்லை என்று பாய் கேலி செய்வார். ஓய்வு பெறும்வரை, யார் வந்து மிஷின் முட்டுகிறது என்று சொன்னாலும், விரலைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டேன்:

"எந்த வார்த்தையில?"